'தி ஹங்கர் கேம்ஸ்' படிக்கட்டும், விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு அம்மா எழுதியிருந்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்று தீர்க்கிற கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளை எதற்குப் படிக்க வேண்டும், பள்ளி நூலகத்தில் இதையெல்லாம் யார் வாங்கி வைக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். அவர் சொன்னது சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலை. அவருடைய பயம் புரியாமல் இல்லை, என் அக்காவும் வீட்டில் இதையேதான் சொன்னாள். ஆனால் அக்கா மகளிடம் வாங்கி அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பின்னட்டையைப் பார்த்துவிட்டு இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்காதீர்கள்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் வந்த நாவல் இது. எதிர்காலத்தில், வட அமெரிக்கா இருந்த இடத்தில் பானெம் என்றொரு நாடு. செல்வம் கொழிக்கும் தலைநகரம் கேப்பிடல், அதற்கு உழைத்துக் கொட்ட 12 மாவட்டங்கள். எப்போதோ கலகம் செய்ததற்குத் தண்டனையாக, வருஷா வருஷம் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கி எடுத்து, 24 பேரையும் ஒரு களத்தில் இறக்கிவிட்டு, ஒருவர் மிஞ்சும்வரை டிவியில் காட்டுவார்கள். 12-ஆம் மாவட்டம் நிலக்கரிச் சுரங்கப் பகுதி, அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைகள் இருந்த இடம். அங்கே பிரிம் என்ற சின்னப் பெண்ணின் பெயர் வந்துவிட, 16 வயது அக்கா காட்னிஸ் தங்கைக்குப் பதில் தானே போகிறாள்.

இவ்வளவும் பின்னட்டையிலேயே தெரிந்துவிடும். என்னை உலுக்கியது அந்தச் சீட்டுக் கணக்கு. 12 வயதில் பெயருக்கு ஒரு சீட்டு, 13-ல் இரண்டு, இப்படியே கூடி 18-ல் ஏழு. இது எல்லாருக்கும் பொது, கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் அடுப்பெரியவில்லை என்றால் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உன் பெயரை இன்னொரு சீட்டில் எழுதிப் போடு, ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் தருகிறோம், அதுவும் அரை வயிற்றுக்கு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு வரை போடலாம். போட்ட சீட்டு அடுத்த வருஷமும் கணக்கில் அப்படியே நிற்கும். காட்னிஸின் அப்பா சுரங்க வெடிவிபத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு 11 வயது, அம்மா இடிந்துபோய் எழுந்திருக்கவே இல்லை. தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று வருஷத்துக்கு மூன்று சீட்டு கூடுதலாகப் போட்டுப் போட்டு, 16 வயதில் அவள் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. ஐந்து பேர் குடும்பத்தைத் தாங்கும் அவள் நண்பன் கேலுக்கு 18 வயது, அவன் பெயர் 42 சீட்டில். அக்கா மகள் ஒரு நோட்டுத்தாளில் பெருக்கிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "சரியா வருது மாமா" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

அந்த முதல் அத்தியாயத்திலேயே இன்னொரு இடம். காட்டில் பறித்த பழத்தை விற்க காட்னிஸும் கேலும் மேயர் வீட்டுப் பின்வாசலுக்குப் போகிறார்கள். மேயர் மகள் மாட்ஜ் வெள்ளை கவுனில் வந்து கதவைத் திறக்கிறாள். கேல் சுள்ளென்று விழுகிறான், உனக்கென்ன, ஐந்து சீட்டு இருக்குமா, எனக்கு 12 வயதிலேயே ஆறு என்கிறான். மாட்ஜ் நல்ல பெண்தான், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. இல்லாதவனும் கொஞ்சம் இருப்பவனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருந்தால் மேலே இருப்பவனுக்கு வசதி என்பது கேலுக்கே தெரியும், தெரிந்தும் கோபம் அவள் மேல்தான் பாய்கிறது. சமூகப் பாடப் புத்தகத்தில் எத்தனை பக்கம் எழுதினாலும் பிள்ளைக்கு இவ்வளவு தெளிவாகப் புரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, வன்முறைக்கு வருகிறேன். இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் யாரையாவது கொன்றதும் கைதட்டத் தோன்றும்படி காலின்ஸ் ஓரிடத்திலும் எழுதவில்லை. காட்னிஸ் அம்பெய்து கொல்லும் பையன், அவள் கூட்டாளியைக் கொன்றவன்தான். ஆனாலும் அன்றிரவு அவன் வீட்டில் அழுதுகொண்டிருப்பார்களே என்றுதான் அவள் யோசிக்கிறாள். அந்தக் கூட்டாளி ரூ, 12 வயது, விவசாய மாவட்டத்துப் பிள்ளை. காட்டில் சுட்ட பறவையின் காலொன்றைக் கையில் கொடுத்ததும், முழுக் கால் எனக்கே எனக்கென்று கிடைத்ததில்லை என்கிறாள். விளைவிக்கிறவர்கள் நீங்கள்தானே என்றால், விளைந்ததில் கைவைத்தால் ஊர் பார்க்கச் சவுக்கடி என்கிறாள். அம்பும் கத்தியும் படித்த மறுநாள் மறந்துவிட்டன, அந்தப் பறவைக் கால் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஒரு சேனலில் ரியாலிட்டி ஷோ, அடுத்ததில் இராக் போர்க் காட்சிகள் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதை தோன்றியதாக காலின்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வியட்நாம் போருக்குப் போய்வந்த விமானப்படைக்காரரின் மகள் அவர், போரைப் பொழுதுபோக்காக எழுதுகிற ஆள் இல்லை. கதையில் 12-ஆம் மாவட்டத்து மக்கள் மூன்று விரலை உதட்டில் தொட்டு நீட்டி விடைகொடுப்பார்கள். 2014-ல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மாணவர்கள் அதே மூன்று விரலைத் தெருவில் உயர்த்தி, அதற்காகவே கைதானார்கள். 2021-ல் மியான்மரிலும் அந்தக் கைகள் உயர்ந்தன. ராணுவங்களே பயந்த ஒன்றை நாம் வெறும் கொலைக் கதை என்று ஒதுக்கிவிட முடியுமா?

குறை இல்லாமல் இல்லை. காட்னிஸுக்குக் களத்துக்குக் கூடவே வந்த அதே மாவட்டத்துப் பையன் பீட்டாவா, நண்பன் கேலா என்று காதல் விவகாரம் அடுத்த பாகங்களிலும் இழுத்துக்கொண்டே போவது எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் பாகம் 'மாக்கிங்ஜே' ரொம்பக் கனமானது, குண்டுவீச்சும் நெருங்கியவர்கள் சாவுமாகப் போகும். அதைப் பத்தாம் வகுப்புக்கு அப்புறம் கொடுக்கலாம் என்று அக்காவிடம் நானே சொல்லியிருக்கிறேன். 2012-ல் வந்த படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடைபோடவும் வேண்டாம், அந்தச் சீட்டுக் கணக்கு அதில் ஒன்றிரண்டு வசனத்தோடு போய்விடுகிறது.

கடிதம் எழுதிய அந்த அம்மா முதல் அத்தியாயத்தை மட்டுமாவது மகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் இணைப்பு பத்து வயதுக்காரர்களோடு நின்றுவிடுகிறது. 13 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மாதம் ஒரு புத்தகத்தையாவது, எந்த வயதில் கொடுக்கலாம் என்ற குறிப்போடு அறிமுகம் செய்யுங்கள். எழுதுவதற்குப் பெரியவர்களைத் தேட வேண்டாம், அந்த வயதுப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
திருநெல்வேலி.