பாப்பா என்னோடவே இருக்கட்டும், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் உன் மருமகனும் பாப்பாவும் இங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் நலம். நீயும் அப்பாவும் அப்பத்தாவும் சுகம்தானே? தினமும் போனில் முகம் பார்த்துப் பேசத்தான் செய்கிறோம். ஆனால் பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதற்குள் உருப்படியாக நாலு வார்த்தை பேச முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவை வாசித்துக்காட்டச் சொல்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது பிள்ளையைச் சோழவந்தானிலேயே விட்டுட்டுப் போ, மூணு வயசு வரைக்கும் நான் பார்த்துக்கிறேன், நீ நிம்மதியாப் படி என்று போன வாரம் சொன்னாயே. என்ன மனசோடு சொன்னாய் என்று எனக்குத் தெரியும். இங்கே என்னோடு வேலை பார்க்கிற நம் பக்கத்துப் பெண்கள் சிலர் அப்படி விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவரவர் கஷ்டம் அவரவருக்கு, நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அது வேண்டாம் அம்மா. படிப்பையும் தள்ளிப்போடப் போவதில்லை.

நான் இங்கே ஆஸ்பத்திரியில் பார்க்கிற நர்ஸ் வேலையை விவரமாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும். வாரத்தில் மூன்று நாள், காலை ஏழரையிலிருந்து ராத்திரி எட்டு வரை டியூட்டி. திடீரென்று உடம்புக்கு முடியாமல் வருகிறவர்களைச் சேர்க்கிற வார்டு. ஒவ்வொருவருக்கும் மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிரஷர், நாடித்துடிப்பு, காய்ச்சல், நினைவுத் தெளிவு என்று ஆறு விஷயம் பார்த்து மதிப்பெண் போடுவோம். எல்லாம் சரியாக இருந்தால் பூஜ்யம். மொத்தம் 5 ஆனால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், 7 ஆனால் எமர்ஜென்சி.

ஒரு பாட்டி இருந்தார். தினமும் என் பெயரைத் திருத்தமாகச் சொல்லிக் கூப்பிடுவார். ஒருநாள் சாயந்தரம் என்னைப் பார்த்து, "பால்காரருக்குக் காசு கொடுத்துட்டியா?" என்று கேட்டார். காய்ச்சல் இல்லை, பிரஷரும் சரியாகவே இருந்தது. ஆனால் புதிதாக வந்த குழப்பம் என்றால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். ஒரே விஷயத்தில் 3 விழுந்தாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். பார்த்தால் சிறுநீரில் தொற்று, அது ரத்தத்தில் பரவ ஆரம்பித்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றினோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! (அப்பத்தா விஷயத்திலும் இதை ஞாபகம் வைத்துக்கொள். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் சில சமயம் காய்ச்சலே அடிக்காது, பேச்சு மட்டும் மாறும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.)

இன்னொன்று சொன்னால் அப்பா சந்தோஷப்படுவார். இந்த நாட்டில் இயற்கையாக இருக்கிற விஷப்பாம்பு ஒரே ஒரு வகைதான். நைட் டியூட்டியில் ஒரு சின்ன வயசு டாக்டர், உங்கள் ஊரில் பாம்புக்கடிக்கு என்ன செய்வீர்கள் என்று ஆர்வமாகக் கேட்டார். நம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்த அண்ணனைக் கண்ணாடி விரியன் கடித்து, மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோமே, அதைச் சொன்னேன். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அப்புறம் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணியாக ஓடினால் விரியன் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். ரத்தம் உறையத் தேவையான பைப்ரினோஜனை அந்த விஷம் தீர்த்துவிடும். மெஷின் வேண்டாம், பெரிய லேப் வேண்டாம், ஒரு குழாயும் கடிகாரமும் போதும். அந்த டாக்டர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார். அந்த அண்ணனின் ரத்தம் ஏன் உறையவில்லை என்று தெரிந்துகொள்ளத்தானே அம்மா நான் நர்சிங்கே படிக்கப் போனேன்?

ஊரில் முதலில் வேலை பார்த்த இடத்தில், இந்த மருந்து ஏன், அந்த டோஸ் ஏன் என்று கேட்டால் திட்டுதான் விழும். இங்கே நானே கேட்காவிட்டாலும் நீ என்ன நினைக்கிறாய் என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்கென்று இருக்கிற படிப்பை முடித்தால் நர்சே, தனக்குத் தெரிந்த துறைக்குள், மருந்து எழுதிக் கொடுக்கலாம். 2006-லிருந்து அநேகமாக எல்லா மருந்துக்கும் அந்த உரிமை இருக்கிறது. அந்தப் படிப்புக்குத்தான் வார்டிலிருந்து என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, பிள்ளையை யார் பார்ப்பது? டியூட்டியை வியாழன், சனி, ஞாயிறு என்று நிலையாகக் கேட்டு வாங்கிவிட்டேன். இப்படிக் கேட்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு என்று 2024 ஏப்ரலில் சட்டமே வந்திருக்கிறது. சனி ஞாயிறு உன் மருமகன் வீட்டில் இருப்பார். சோறு வடித்து, பருப்பு கடைந்து, ஒரு வெஞ்சனமும் வைத்துவிடுகிறார். நம்பித்தான் ஆக வேண்டும்! வியாழன் மட்டும் நர்சரி. படிப்பு தொடங்கினால் செவ்வாயும் விட வேண்டியிருக்கும். கட்டணம் அதிகம்தான், மறைக்கவில்லை. மூணு வயசு முடிந்து அடுத்த டெர்ம் வந்தால் வாரம் 15 மணி நேரத்துக்கு அரசாங்கமே கொடுக்கும். அதுவரை இழுத்துப் பிடிக்கிறோம்.

மனசு அடித்துக்கொள்ளாமல் இல்லை. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டில் போய் இருட்டில் வருவேன், பாப்பா தூங்கியிருப்பாள். மெட்டர்னிட்டி லீவு முடிந்து திரும்பிய புதிதில், சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பால் எடுத்து, பெயர் ஒட்டி பிரிட்ஜில் வைப்பேன். சட்டை நனைந்துவிடுமோ என்று எந்நேரமும் பயம். ஆனால் போன மாதம் பாப்பா சளியும் காய்ச்சலுமாகக் கிடந்தபோது, சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுசாக அவள் மூச்சை எண்ணினேன். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நிமிடத்துக்கு 40-க்கு மேல் போனால் நெஞ்சில் சளி கட்டியிருக்கலாம். 34 தான் இருந்தது. விலா உள்ளே இழுக்கவில்லை, பாலும் குடித்தாள். அதனால் பதறாமல் மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை பார்த்திருந்தேன். அந்த ராத்திரி நான் நர்சா, அம்மாவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நீ மட்டும் என்ன செய்தாய்? கொடிக்கால் ஓரத்து மரத்தில் தூளி கட்டி என்னைப் போட்டுவிட்டு, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே வெற்றிலையைக் கவுளியாக அடுக்கினாய் என்று அப்பத்தா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். உன்னிடம் பிள்ளையையோ வேலையையோ விடச் சொல்ல யாருக்காவது தைரியம் வந்திருக்குமா?

அதனால் பாப்பாவை அங்கே அனுப்புவதைவிட நீ இங்கே வா. விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை இருக்கலாம். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் உன் விண்ணப்பத்தை இந்த மாதமே போட்டுவிடச் சொல் அப்பாவை. விசாவுக்கு வேண்டிய காகிதமெல்லாம் நான் அனுப்புகிறேன். நெய் மட்டும் கொண்டுவராதே, பால் பொருள் எதையும் உள்ளே விட மாட்டார்கள்.

வருவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் இங்கே பெரும்பாலான ஆஸ்பத்திரி சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டும். அதனால் மூன்று மாதச் சர்க்கரை சராசரி டெஸ்டை அங்கேயே எடுத்துவிடு. அப்படியே மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லாதே. சர்க்கரையால் வருகிற கோளாறு ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. வருஷம் ஒரு தடவை கட்டாயம் பார்க்க வேண்டும். மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், பஸ்ஸில் தனியாகப் போகாமல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மகள்