உன் வெள்ளைக்கல் மண்ணுக்கு ஒரு பூ

அன்பு மகளுக்கு,

பிரைட்டன் வீட்டுப் பின்வளவைத் தோண்டினால் வெள்ளைக் கல்லாக வருகிறது, இதில் என்னதான் வளரும் என்று கேட்டிருந்தாய். அந்த மண்ணையே விரும்புகிற பூ ஒன்று உண்டு, ஸ்கேபியஸ். சுண்ணாம்பு மண், நல்ல வெயில், தண்ணீர் தேங்காத இடம், இவை போதும் அதற்கு. ஜூலை, ஆகஸ்ட்டில் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் புல்லுக்கு மேலே ஊதாவாக ஆடி நிற்பவை இதன் காட்டுச் சொந்தங்கள்தான். ஹரோவில் எனக்கு வாய்த்தது களிமண். குளிர்கால ஈரத்தில் வேர் அழுகாமலிருக்க, பொடிக்கல் கலந்து பாத்தியை உயர்த்த வேண்டியிருக்கிறது. உனக்கு அந்தப் பாடு இல்லை.

இத்துடன் 'பிளாக் நைட்' என்ற ஸ்கேபியஸ் வகையின் விதை வைத்திருக்கிறேன். கறுப்போ என்று நினைக்க வைக்கும் கருஞ்சிவப்பு. மார்ச் நடுவில் ஜன்னலோரத்தில் சின்னச் சட்டிகளில் போடு, இரண்டு கிழமையில் முளைக்கும். மே மாதம் உறைபனி போன பிறகு ஓரடி இடைவெளியில் நடு. மூன்றடி வரை வளரும், அங்கே கடற்காற்று வேறு, அதனால் குச்சி ஊன்றி நூல் கட்டு. இளங்கன்றை நத்தை விடாது, இரவில் டோர்ச் அடித்துப் பார்.

சாமிக்குப் பூ ஆய்கிற மாதிரி தலையை மட்டும் கிள்ளாதே. காலையில், வெளியிதழ் விரிந்து நடுமொட்டுகள் இன்னும் இறுக்கமாக இருக்கும்போது, காம்பை நீளமாக, கீழே இலைக்கணுவுக்குச் சற்று மேலே வெட்டு. உடனே தண்ணீரில் வை. ஒரு கிழமைக்குக் கிட்ட நிற்கும்.

வெட்ட வெட்டத்தான் பூக்கும். விட்டால் விதை கட்டும், அப்புறம் மொட்டு குறைந்துவிடும். ஆனால் விரிகிற எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்தால் தேனீக்கு என்ன மிச்சம்? நான் முன்வரிசையை ஜாடிக்கு வைத்துக்கொண்டு பின்வரிசையை அவற்றுக்கே விட்டிருக்கிறேன். அங்கே வாடிய தலைகளை மட்டும் வெட்டுவேன். அதனால் அக்டோபர் வரை பூ இருக்கும். மற்றச் செடிகள் ஓய்ந்த அந்த நேரத்தில், குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் உறங்கப்போகிற இளம் பம்பிள்பீ (உருண்டு திரண்ட தேனீ வகை) ராணிகளுக்கு இது பெரிய உதவி, மகள்.

இதழ் அடைத்துப் பொதிந்த இரட்டைப் பூ வகைகளைக் கடையில் கண்டு மயங்காதே. அவற்றில் தேனை எட்டுவது பூச்சிகளுக்குக் கஷ்டம். நடு திறந்த 'பட்டர்ஃப்ளை புளூ', 'கிளைவ் கிரீவ்ஸ்' வாங்கு. அவை வருடா வருடம் திரும்ப வரும்.

இன்னொன்று. தென் இங்கிலாந்தில் அரிய மண்தேனீ ஒன்று வயல் ஸ்கேபியஸ் என்ற காட்டு வகையின் இளஞ்சிவப்பு மகரந்தத்தையே பெரிதும் நம்பி வாழ்கிறது. வேலியோர மூலையில் வயல் ஸ்கேபியஸும் கொஞ்சம் விதைத்துவிடு. அந்தத் தேனீ உன் வளவுக்கு வருமோ வராதோ, வந்தால் சாப்பாடு இருக்கட்டும்.

முளைத்ததும் படம் அனுப்பு. ஈஸ்டருக்கு வரும்போது குச்சியும் நூலும் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா