யென் என்று எழுதினாயே, கயல்

செம்பூர், மும்பை

அன்புள்ள கயலுக்கு,

உன் மெயில் வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துவிட்டு, "என்ன இவ, யென் யென்னு எழுதியிருக்கா? சம்பளம் பத்தலையா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, மண்பாண்டத்துக்குப் பேர்போன ஷிகராகி ஊருக்குப் போய்த் தொழில் கற்க 'ஐ ஹேவ் அ யென்', அதாவது ஆசை என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறாய். ஒசாகாவில் யென்னில் சம்பளம் வாங்குகிறவள் அப்படி எழுதினால் மனுஷன் வேறென்ன நினைப்பார்?

அகராதியை எடுத்துக் காட்டினேன். ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள், பக்கத்தில் 1, 2 என்று குட்டி எண். அப்படி எண் இருந்தால் பிறப்பு வேறு, சொந்தபந்தம் கிடையாது என்று அர்த்தம். காசு யென் 1871இல் ஜப்பான் அரசு கொண்டுவந்தது. சொல்லுக்குப் பொருள் வட்டம். அங்கே ஜனங்கள் 'என்' என்றுதான் சொல்கிறார்கள் என்று நீயே ஒரு தடவை சொன்னாய்.

ஆசை யென் வந்த வழி வேறு. அது தென்சீனாவில் கான்டன் பக்கத்துப் பேச்சு. அபின் பிடித்துப் பழகினவனுக்கு வேளை தப்பினால் கொட்டாவி வரும், கண்ணும் மூக்கும் ஒழுகும், உடம்பு முறுக்கும். அந்தத் தவிப்புக்குத்தான் அந்தச் சொல். தங்கம் தோண்டவும் ரயில் பாதை போடவும் கலிபோர்னியாவுக்குப் போன சீனத் தொழிலாளிகளோடு அதுவும் கப்பலேறியது. அபின் கூடங்கள் பெருகி, சான் பிரான்சிஸ்கோ நகரம் 1875இல் அவற்றுக்குத் தடை போட்டது. கூடங்களின் குழூஉக்குறியாக 'யென்-யென்' என்று புழங்கிய சொல், 20ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு, அபின் வாடை போய் வெறும் ஆசையாகிவிட்டது.

இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அபின் எந்த வழியாகப் போனது என்கிறாய்? நம் பம்பாய் வழியாகவும்தான். வங்காளத்து அபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். மத்திய இந்தியாவின் மாள்வா அபின் சமஸ்தானங்களில் விளைந்தது, மாட்டு வண்டியில் இந்தத் துறைமுகத்துக்கு வந்து சீனா போனது. 1839இல் லின் சேஷு என்ற சீன அதிகாரி இருபதாயிரம் பெட்டிக்கு மேல் பறிமுதல் செய்து அழித்தார். அதை வைத்து வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய், 1842இல் ஹாங்காங்கையே எழுதி வாங்கிக்கொண்டான். ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் சீன வியாபாரத்தில் சம்பாதித்ததில் பருத்தியும் உண்டு, அபினும் உண்டு. ஜே.ஜே. ஆஸ்பத்திரியும் ஓவியப் பள்ளியும் அவர் கொடுத்த பணத்தில் வந்தவை. எத்தனை ஏழை உயிர் பிழைத்த ஆஸ்பத்திரி அது. எங்கோ எத்தனை பேர் குடி கெட்ட காசு அது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. (நாம் குருமாவில் அரைத்து விடுகிற கசகசாவும் அதே செடிதான். நீமச், மந்த்சவுர் பக்கம் இன்றும் அரசு உரிமம் வாங்கிப் பயிரிடுகிறார்கள்.)

சரி, பழக்கத்துக்கு வருகிறேன். பின்னால் பெயர்ச்சொல் என்றால் 'யென் ஃபார்', வினை என்றால் 'யென் டு'. பெரும்பாலும் முன்னால் ஓர் 'அ' இருக்கும். ஆபீஸ் கடிதத்துக்கு ஆகாது, அது அரட்டைச் சொல். அங்கே 'கீன் டு' போடு. பல்லார்ட் எஸ்டேட்டில் நான் ஸ்டெனோவாக இருந்தபோது மேனேஜர்கள் 'டிசையரஸ் ஆஃப்' என்று சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். அதை நீ தொடவே தொடாதே. 'கிரேவிங்' உடம்போடு ஒட்டிய வெறி: மசக்கைக்காரி, சிகரெட்டை விட்டவன். 'யேர்னிங்' நெஞ்சில் பாரம் ஏறிய ஏக்கம். 'யென்' போல ஒலித்தாலும் பழைய ஆங்கிலத்திலிருந்து தனியே வந்தது. 'யென்' இவற்றைவிட லேசு. மழை நாளில் திடீரென்று சுண்டைக்காய் வத்தக்குழம்புக்கு நாக்கு ஊறுகிறதே, அதற்குச் சரியாகப் பொருந்தும்.

அதனால்தான் கேட்கிறேன். ஷிகராகி உனக்கு வத்தக்குழம்பா? இல்லை, நிஜமாகவே தூக்கம் கெடுக்கிற ஏக்கமா? பெரிய விஷயத்தைச் சின்னச் சொல்லில் சொன்னால் அம்மா திட்ட மாட்டாள் என்று நினைத்தாயோ என்னவோ.

நான் தாராவியில் கும்பார்வாடாவுக்குப் பக்கத்துச் சந்தில் வளர்ந்தவள். குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் அவர்கள். வீட்டு வாசலிலேயே சூளை. பஞ்சுக் கழிவைப் போட்டு எரிப்பார்கள். புகை வந்தால் ஆத்தா கொடித் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவாள். தீபாவளிக்கு முன்னால் பெண்கள் அகல் விளக்குகளை வரிசையாகக் காயவைத்து, மழைத் தூறல் விழுந்தால் பதறிப்போய்த் தார்ப்பாய் இழுத்து மூடுவார்கள். இடுப்பு விட்டுப்போகிற வேலை. களிமண் பிசைய ஆள் பலம் வேண்டும். சக்கரத்தில் கை வைத்த அன்றைக்கே பானை வராது. ஷிகராகியில் கேஸ் சூளை இருக்கலாம், விறகுச் சூளையும் இருக்கலாம். மண் எங்கேயும் மண்தான்.

ஆகவே உடனே ராஜினாமா எழுதாதே. லீவு போட்டுவிட்டுப் போய்ச் சில நாள் அங்கே தங்கு. உடைந்தது, கோணியது எல்லாம் பார்த்த பிறகும் கை அரிக்கிறது என்றால் சொல். உன் சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும், விசா மாற்ற வேண்டுமா என்பதை விசாரித்து ஒரு தாளில் எழுதி அனுப்பு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவருக்குக் காசு யென் கணக்கைக் காட்டினால்தான் மற்ற யென் காதில் ஏறும்.

அண்ணனிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே. அவன் ஊருக்கே சொல்லிவிடுவான்.

அப்புறம், வத்தல் பார்சலில் மோர் மிளகாயும் வைக்கவா? ஞாயிறு கூப்பிடும்போது சொல்.

அன்புடன்,
அம்மா