இறந்தவள் மேல் ஒரு பிராது

லண்டன்,
ஞாயிறு மதியம்

ஏளா மங்கை,

நீ போனில் திட்டியது எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பதிலுக்கு நானும் நாலு வார்த்தை வைத்திருந்தேன், உன் கடிதம் வந்ததும் அதெல்லாம் அடங்கிப் போச்சு. இங்கே எல்லோரும் சுகம். மகன் வேலைக்குப் போகிறான், மருமகள் அவனைவிட அதிகமாகப் போகிறாள், பேத்தி என் இங்கிலீஷைத் திருத்துகிறாள். முட்டுவலி அப்படியேதான். குளிரைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் நீ ஊதாக் குடையை இழுப்பாய்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன், அவசரப்படாதே. அதற்கு முன்னால் எனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பொறுக்காவிட்டால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக்கொள். துப்பறியும் நாவலையே அப்படிப் படித்தவள்தானே நீ.

பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் பழைய எகிப்து. அவளைக் கூட்டிக்கொண்டு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனோம். கூட்டமெல்லாம் மம்மியைச் சுற்றி நிற்க, நான் அந்தப் பக்கமே போகவில்லை. கோர்ட்டில் ஆயுசைக் கழித்தவளுக்கு அங்கேயும் ஒரு கோர்ட்தான் கண்ணில் படும் போல. அதற்கப்புறம் நூலகத்திலிருந்து புத்தகமாகக் கொண்டு வந்து, மருமகள் சமையல்கட்டு மேஜையைக் கேட்டுச் சண்டைக்கு வரும் அளவுக்கு அடுக்கிவிட்டேன்.

செத்தவர்களுக்கு மறு உலகத்தில் நடக்கும் விசாரணையைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். செத்தவனை நரித்தலைச் சாமி அனூபிஸ் மண்டபத்துக்குக் கூட்டி வருகிறான். நடுவில் தராசு. ஒரு தட்டில் செத்தவனின் இதயம், மறு தட்டில் மாஅத்தின் இறகு. உண்மை, நீதி, உலகத்தின் ஒழுங்கு எல்லாம் அந்த மாஅத் தேவதைதான். அனூபிஸ் தரையோடு குனிந்து முள் ஆடுகிறதா என்று பார்க்கிறான். பக்கத்தில் கையில் எழுதுகோலோடு தோத் நிற்கிறான். அவனுக்கு நம்ம கூந்தன்குளத்துக்கு வருமே, அந்த அரிவாள் மூக்கன் தலை. சித்திரகுப்தன் என்பாய் நீ. எனக்கு அவன் பெஞ்ச் கிளார்க். தீர்ப்பு சொல்கிறவன் செத்தவர் உலகத்து ராஜா ஒசிரிஸ். ஆனால் மண்டபத்தில் வேலை செய்கிறவன் யார் என்று பார்த்தால் தோத் ஒருவன்தான். எந்தக் கோர்ட்டும் அப்படித்தான், ஜட்ஜ் ஐயாமார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தராசுக்குக் கீழே அம்மித் என்று ஒருத்தி. முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடம்பு, நீர்யானையின் பின்பக்கம். இதயம் கனத்தால் அவள் விழுங்கிவிடுவாள், செத்தவனுக்கு இரண்டாவது சாவு, அதற்கப்புறம் ஒன்றுமே கிடையாது. ஆனால் நான் பார்த்த படங்களில் ஒன்றிலும் அவள் வாயில் இரை இல்லை. வருஷக் கணக்கில் பசியோடு உட்கார்ந்திருக்கிறாள், பாவம். காசு கொடுத்து எழுதச் சொன்னவன், தான் தோற்றதாகவா வரையச் சொல்வான்?

ஆமாம், காசுக்குத்தான். இறந்தோர் நூல் என்கிறார்களே, செத்தவனோடு வைக்கிற மந்திரச் சுருள், அதைப் பட்டறையில் முன்கூட்டியே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருப்பார்கள். வாங்குகிறவன் பெயரை அப்புறம் நிரப்புவது. சில சுருளில் நிரப்ப மறந்து இடம் காலியாகவே கிடக்கிறது. அனி என்ற எழுத்தர் ஒருவரின் சுருள் ரொம்பப் பிரபலம், கி.மு. 1250 வாக்கில் எழுதியது, நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். அதை 1888-ல் மியூசியத்துக்காக வாங்கிய பட்ஜ் துரை 37 துண்டாக வெட்டினார். கேஸ் கட்டிலிருந்து ஒரு தாள் பிரிந்தாலே நாங்கள் மெமோ வாங்குவோம்.

வாக்குமூலத்தைக் கேள். 42 தேவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தன் பெயர் எலும்பு முறிப்பவன், ஒருத்தன் பெயர் நிழல் தின்னி. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘நான் இதைச் செய்யவில்லை’ என்று சொல்ல வேண்டும். திருடவில்லை, கொல்லவில்லை, யாரையும் அழவைக்கவில்லை, எடையில் கள்ளம் செய்யவில்லை, குழந்தை வாயிலிருந்து பாலைப் பிடுங்கவில்லை, ஓடுகிற தண்ணீரை மறித்து அணை போடவில்லை. கடைசியதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், வாய்க்கால் வழக்கு இல்லாத ஊர் உண்டா? ஒட்டுக் கேட்கவில்லை என்றும் ஒன்று இருக்கிறது. நீ அந்தத் தேவரிடம் கொஞ்சம் திணறுவாய்.

அதோடும் விடுவதில்லை. வெளியே போகும்போது கதவின் நிலை, தாழ்ப்பாள் எல்லாம் கேள்வி கேட்கின்றன: ‘என் பெயரைச் சொல், அப்புறம் போ.’ தரையும் மறிக்கிறது: ‘என்மேல் வைக்கப்போகும் உன் பாதங்களின் பெயர் என்ன?’ எங்கள் கோர்ட்டில் டவாலியைத் தாண்டிப் போவதே பெரும்பாடு, இது தரையே வாய் திறக்கும் கோர்ட்.

இவ்வளவு ஏற்பாடும் சிரிப்பாகத்தான் இருந்தது மங்கை, அந்த வண்டைப் பார்க்கும்வரை. கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னதாகப் பச்சைக் கல்லில் ஒரு வண்டு, அதற்கு மனுஷ முகம், சுற்றிலும் தங்கம் கட்டியிருக்கிறது. சோபெக்எம்சாஃப் என்ற அரசனுக்குச் செய்தது. உடம்பைப் பதப்படுத்தும்போது மூளையை எடுத்துத் தூர எறிந்துவிடுவார்கள், குடல், ஈரலை ஜாடியில் போடுவார்கள், இதயத்தை மட்டும் உள்ளேயே விடுவார்கள். புத்தி, நினைவு எல்லாம் அதில் இருப்பதாக நம்பிக்கை. அந்த நெஞ்சின்மேல் வைக்கிற வண்டில் ஒரு மந்திரம். கிட்டத்தட்ட இப்படி வரும்: ‘என் தாய் தந்த நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சியாய் எழுந்து நிற்காதே. மன்றத்தில் என்னை மறுத்துப் பேசாதே. தராசுக்காரன் முன்னால் எனக்குப் பகையாகாதே.’

எத்தனையோ பேர் கூண்டில் ஏறிப் பொய்ச் சத்தியம் செய்வதைப் பார்த்தவள் நான். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. 42 தேவர் முன்னால் மளமளவென்று ஒப்பிக்கிறவனும் அப்படித்தான் நின்றிருப்பான். ஆனால் எலும்பு முறிப்பவனுக்கோ முதலை வாய்க்கோ அவன் அப்படிக் கெஞ்சவில்லை. தன் நெஞ்சைத்தான் சாட்சி சொல்லாதே என்று கெஞ்சுகிறான். அது வாய் திறந்தால் தீர்ந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எதை நினைத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியும், எழுத வேண்டாம்.

சரி, அந்தச் சோபெக்எம்சாஃப் பெயர் கொண்ட அரசன் ஒருவனின் கல்லறையில் திருடியவர்களின் வாக்குமூலமே பாப்பிரஸில், அந்தக் காலத்து நாணல் தாளில், கிடைத்திருக்கிறது! ஒன்பதாம் ராம்சேஸின் 16-ம் ஆட்சியாண்டு, கி.மு. 1110 வாக்கில் நடந்த விசாரணை. கல்தச்சன் அமுன்பநெஃபெரும் கூட்டாளிகளும் குடைந்து உள்ளே போய், ராஜா கழுத்தில் கிடந்த தங்கத்தையெல்லாம் உரித்துக்கொண்டு, பெட்டிகளுக்குத் தீ வைத்துவிட்டு வந்தார்கள். 160 தெபென் தங்கம், அதாவது பதினாலு கிலோவுக்கு மேல். எட்டுப் பேர், ஆளுக்கு 20. பிடிபட்டதும் அமுன்பநெஃபெர் தன் பங்கை முழுசாக அந்தப் பகுதி எழுத்தரிடம் நீட்டினான், விட்டுவிட்டார்கள். கூட்டாளிகள் அவன் நஷ்டத்தைப் பங்கு போட்டு ஈடுகட்டினார்கள். எல்லாரும் மறுபடி தொழிலுக்கே போனார்கள். சாமி பயம் இல்லாதவர்கள் இல்லை, நாளைக்கு அதே தராசு முன்னால் நிற்க வேண்டியவர்கள்தான். அந்த எழுத்தரும்தான். அவர் நெஞ்சுமேல் எத்தனை வண்டு வைத்தார்களோ!

இப்போது அண்ணன். மதினி படத்துக்கு முன்னால் நின்று கையை நீட்டி நீட்டிப் பேசுகிறார், சில நாள் சத்தம் தெருவுக்கே கேட்கிறது, மனநல டாக்டரிடம் காட்டச் சொல்லி உன் பையன் நச்சரிக்கிறான் என்று எழுதியிருந்தாய். இதைப் படி.

எகிப்தில் செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். சிலது படையல் வைக்கும் மண்கிண்ணத்தின் மேலேயே எழுதியது. ஹாலந்தில் லெய்டன் மியூசியத்தில் பாப்பிரஸ் கடிதம் ஒன்று இருக்கிறது, மூவாயிரம் வருஷத்துக்கும் முந்தியது. பெண்டாட்டியை இழந்த ஒரு மனுஷன் அங்கிரி என்ற அந்த அம்மாளுக்கே எழுதி, மரப்பொம்மை ஒன்றோடு சேர்த்துக் கட்டி வைத்தது. அன்பாக எழுதியது என்று நினைக்காதே. முழுக்கச் சண்டை. நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன், ஏன் இப்படிப் படுத்துகிறாய்? சின்ன வயசில் உன்னைக் கட்டினேன், பெரிய உத்தியோகம் வந்த பிறகும் உன்னைத் தள்ளி வைத்தேனா? உனக்கு நோவு வந்தபோது வைத்தியரைக் கொண்டு வரவில்லையா? நீ போனபோது ஊர் முன்னால் அழவில்லையா, நல்ல துணியாகப் பார்த்துக் கொடுத்துப் போர்த்தவில்லையா? மூன்று வருஷமாக இன்னொரு வீட்டு வாசலை மிதிக்காமல் தனியாகக் கிடக்கிறேனே! வீட்டில் இருக்கிற பெண்கள் ஒருத்தியிடமும் நான் போகவில்லை என்று வேறு தானாகவே சொல்லிக்கொள்கிறார், யாரும் கேட்காமலே. எல்லாவற்றுக்கும் மேலாக மிரட்டல்: மேற்குத் திசைத் தேவர்கள் முன்னால் உன்மேல் வழக்குப் போடுவேன், உனக்கும் இந்தக் கடிதத்துக்கும் அவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்!

பிராது எத்தனையோ கட்டுக் கட்டாகப் படித்திருக்கிறேன், இப்படி ஒரு பிராது படித்ததில்லை. அந்த அம்மாள் அவருக்கு இல்லாமல் போகவில்லை. சம்மன் அனுப்பினால் வந்து நிற்கும் தூரத்தில்தான் இருக்கிறாள். அவரைப் பைத்தியம் என்று அந்த ஊரில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் உன் பையனைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல். டாக்டரிடம் கூட்டிப் போவதாக இருந்தால் முதலில் சர்க்கரைக்குக் காட்டு. ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறாரா, வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று பார். இந்த இரண்டும் கெட்டால் நானே அந்த டாக்டர் பெயர் சொல்கிறேன், என் நாத்தனாரைப் பார்த்தவர், நல்ல மனுஷர். கெடவில்லையென்றால் அவரும் மதினியும் பேசும்போது நீ நடுவில் போகாதே. உயிரோடு இருந்தபோதே அவர்கள் சண்டைக்கு நடுவே போய் நீ வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துவிட்டதா?

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், மதினி மேல் அவருக்கு என்ன பிராது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. கை நீட்டினார், கத்தினார், சரி. என்ன சொல்லிக் கத்தினார்? ஒட்டுக் கேட்பதில் கெட்டிக்காரி நீ, அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதுகிறாய். அடுத்த கடிதத்தில் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

உன்,
கல்யாணி