முனை லூப்பை விட்டுவிடு

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. இங்கே மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு ஓட ஆரம்பித்துவிட்டது. தருமபுரியில் வெயில் எப்படி?

மேல்டே சோதனையில், அதாவது ஒரு முனையை ஸ்பீக்கர் ஆட்ட, மறுமுனை கப்பி வழியாக எடையைத் தாங்கும் நூலில் நிலை அலையை அளக்கும் சோதனையில், ஸ்பீக்கர் பக்கத்து லூப் (அடுத்தடுத்த இரண்டு கணுக்களுக்கு நடுவே விரியும் பகுதி) மட்டும் மற்றவற்றோடு ஒத்து வரவில்லை என்று எழுதியிருந்தாய். நூலில் குறையில்லை. ஸ்பீக்கரில் கட்டிய முனையைக் கணு, அதாவது அசையாத புள்ளி, என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். நூலை ஆட்டுவதே அந்த முனை. அது அசையாமல் எப்படி இருக்கும்? கணுவுக்குப் பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு பக்கம் என்று போட்டுப் பார். மீட்டருக்கு 1 கிராம் நூல், தட்டோடு சேர்த்து 200 கிராம் எடை. இழுவிசை 1.96 நியூட்டன், அலை வேகம் நொடிக்குச் சுமார் 44 மீட்டர். 100 ஹெர்ட்ஸில் ஒரு லூப் 22 செ.மீ. எதிர்க்கணுவில் (அதிகம் ஆடும் இடத்தில்) வீச்சு 10 மி.மீ., ஸ்பீக்கர் முனையில் 1 மி.மீ. என்றால், உண்மையான கணு அந்த முனையிலிருந்து 7 மி.மீ. தள்ளி விழும். நூல் கொஞ்சம் நீளமானால் உள்ளே, குட்டையானால் முனைக்கு வெளியே. அந்த ஒரு லூப்பை வைத்துக் கணக்குப் போட்டால் 3 சதவீதம் பிசகும். இழுவிசைக்குப் போகும்போது லூப் நீளத்தை வர்க்கப்படுத்துவதால் பிசகு இரட்டித்து 6 ஆகிவிடும்.

அதனால் இரண்டு பக்கமும் முனை லூப்பை விட்டுவிடு. ஆறு லூப் வந்தால் நடுவில் உள்ள நான்கை மொத்தமாக அளந்து நான்கால் வகு. கப்பிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அளக்கும் முன் விரலால் லேசாகத் தட்டு. கப்பி இறுகியிருந்தால் தொங்கும் எடை ஒன்று, நூலில் இருக்கும் இழுவிசை வேறொன்று. பருத்தி நூல் எடை ஏறினால் நீளும். மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்க 10 மீட்டர் வெட்டித் தராசில் நிறு, ஆனால் நீளத்தை அதே எடையைத் தொங்கவிட்டு அளந்து கொள்.

பிள்ளைகளிடம் நாம் அழுத்திச் சொல்ல வேண்டியது இன்னொன்று. அசையாமல் கட்டிய முனையில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுகிறார்கள். போகும் அலை தலைகீழாகத் திரும்பி வருவதால் அங்கே இடப்பெயர்ச்சிதான் சுழி. நூலின் சரிவு அங்கேதான் உச்சம், குறுக்கே இழுக்கும் விசையும் அங்கேதான் அதிகம். சுரமானியின் (ஒலிப்பெட்டி மேல் கம்பி கட்டிய கருவியின்) பாலம் அந்த விசையை வாங்கித் துளி அசைவதால்தான் பெட்டி ஒலிக்கிறது. எனக்கு இந்தப் பாடத்தில் பிடித்த இடமே இதுதான்.

கட்டாத முனையைக் காட்ட வேண்டுமா? நூலின் கடைசியில், மீட்டருக்கு நூலின் எடையில் நூறில் ஒரு பங்கே உள்ள மெல்லிய இழையை நீளமாக முடிந்து, அதைக் கப்பி வழியாக விடு. முடிச்சுக்கு வரும் அலையின் வீச்சில் 82 சதவீதம் நிமிர்ந்தபடியே திரும்பும். முடிச்சுக்குப் பக்கத்தில் எதிர்க்கணு தெரியும். நூல் நீளம் கால் அலைநீளத்தின் ஒற்றைப்படை மடங்குக்குப் பக்கத்தில் வரும். இழைக்குள் போகும் அலை கப்பியில் பட்டுத் திரும்புவதால் எதிர்க்கணு முடிச்சிலிருந்து சற்று விலகலாம். அதையும் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்.

அளவுகள் வந்ததும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்