செல்விக்கு, தண்ணில இருந்து ஒரு கடிதம்

செல்வி,

எப்படிட்டி இருக்க? அத்தைக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம், சொட்டு மருந்த மட்டும் நேரம் தவறாம போட்டு விடு. இங்க பெரியவன் ஹாஸ்டலுக்குப் போயிட்டான், வீடே வெறிச்சுன்னு கெடக்கு.

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ நாலு தடவ கேட்டேன். ஸ்கூட்டி கத்துக்கோம்மான்னு பொண்ணு சொல்றா, இந்த வயசுல எனக்கு அதெல்லாம் வராதுன்னு நீ சொல்ற. அந்த "வராது"வ நானும் 40 வருஷமா சொல்லிட்டு இருந்தவதான், தண்ணி விஷயத்துல. குறுக்குத்துறைல பசங்க எல்லாம் மண்டபத்து மேல ஏறி தாமிரபரணில குதிப்பானுங்க, நாம படியில ஒக்காந்து சொம்புல மோந்து ஊத்திட்டு வருவோம், ஞாபகம் இருக்கா? நமக்கு யாரும் சொல்லித்தரல, நாமளும் கேக்கல, கடைசில அது எனக்கு நீச்சல் வராதுன்னே ஆயிருச்சு.

இந்த லீவுல நீச்சல் குளத்துல லேடீஸ் பேட்ச்ல சேந்தேன்ட்டி, 47 வயசுல. மொத 9 நாள் கம்பிய விட்டு கையே எடுக்கல. தலைய முக்குனா அஞ்சே செகண்டுல நெஞ்சு அடைக்கும், பதறி எந்திரிச்சுருவேன், சரின்னு இன்னும் நல்லா தம் கட்டிப் பாத்தா இன்னும் மோசமாச்சு. பத்தாவது நாள் கோச் அக்கா பக்கத்துல வந்து நின்னு, தம் கட்டாதீங்க, தண்ணிக்குள்ள மூக்கு வழியா மெதுவா விடுங்க, வெளிய வந்து இழுங்கன்னாங்க. அந்தத் தவிப்பு ஆக்சிஜன் தீந்து வர்றது இல்லையாம், உள்ள கார்பன் டை ஆக்சைடு சேருறதுனாலயாம். விட்டுப் பாத்தேன், குமிழியெல்லாம் கன்னத்த ஒரசிட்டு மேல போச்சு, நெஞ்சு அடைக்கவே இல்ல. தலைய தூக்கினா கால் கீழ போயிரும்னு சொன்னாங்க, அதனால தரையில இருக்கற நீல டைல்ஸ மட்டும் பாத்துட்டு கைய நீட்டிப் படுத்தேன், தண்ணி என்னத் தூக்கிப் புடிச்சுச்சு செல்வி. எந்திரிச்சதும் அழுதுட்டேன்.

ஸ்டான்ஃபோர்டுல கரோல் டுவெக்னு ஒரு சைக்காலஜி புரொஃபசர், 2014ல அவங்க பேசுன ஒரு வீடியோ பாத்தேன். சிகாகோல ஒரு ஸ்கூல்ல பாடத்துல தேறலன்னா ஃபெயில்னு போடாம "இன்னும் இல்ல"ன்னு கிரேடு போடுவாங்களாம். எனக்கு அது பளிச்சுன்னு பட்டுச்சு. ஆனா முயற்சி மட்டும் பத்தாது, வேற முறைய தேடணும், தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும்னும் அவங்களே சொல்றாங்க, அது நெசம்ட்டி, அந்த 9 நாளும் நான் முயற்சி பண்ணாம இல்ல, தப்பான முறைய விடாப்பிடியா பண்ணிட்டு இருந்தேன்.

பயமே கூடாதுன்னு நான் சொல்லல. இப்பவும் ஆத்துல தனியா எறங்க மாட்டேன், அந்த இழுப்பு வேற. ஆனா உன் தெரு முக்கு கிரவுண்ட்ல காலைல ஆளே இருக்காது. எனக்கு வண்டி சின்ன வயசுலயே வந்துருச்சு, அதனால இவளுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத, தண்ணில நான் நின்ன நெலமதான் இப்ப உனக்கு. மொத ரெண்டு நாள் ஸ்டார்ட்டே பண்ணாம காலால உந்தி உந்தி பேலன்ஸ் பழகு, முன் வீலப் பாக்காத, தூரத்துல பாரு, பயந்தா ஆக்சிலரேட்டர விட்டுட்டு பிரேக்கப் புடி. எல்எல்ஆர் போட்டா 6 மாசம் செல்லும், ஒரு அவசரமும் இல்ல.

ஞாயித்துக்கிழம ஒரு ரவுண்டு உருட்டிட்டு எனக்கு போன் பண்ணு, எத்தன மணியானாலும் எடுப்பேன்.

உன்
மீனா