நீலப் பியானோ

அன்புள்ள மலருக்கு,

தொங்கு ரயிலில் இருந்து எடுத்த படங்கள் கிடைத்தன. குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு போ.

"தமிழில் எழுதினா இங்க யாரும்மா படிக்கப் போறாங்க" என்று அன்றைக்குப் போனில் சொன்னாய். அதில் இருந்து எனக்கு ஜெர்மன் கவிஞர் எல்ஸே லாஸ்கர் ஷூலர் நினைப்பாகவே இருக்கிறது. உன் வூப்பர்டாலில்தான், எல்பர்ஃபெல்ட் பகுதியில், 1869-இல் பிறந்தவர். யூதக் குடும்பம். எக்ஸ்பிரஷனிசக் கவிஞர்களில், அதாவது வெளியே தெரிவதைவிட மனசின் கொந்தளிப்பை எழுதியவர்களில், பெரிய பெயர். தன்னை 'தீப்ஸ் இளவரசர் யூசுஃப்' என்று சொல்லிக்கொள்வார்; தீப்ஸ் என்பது பழைய எகிப்து நகரம். ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் அவருக்குத் தபால் அட்டையில் நீலக் குதிரைகள் வரைந்து அனுப்புவாராம். ஒரே மகன் பவுல் 1927-இல் காசநோயில் போய்விட்டான், 28 வயதில். இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

1932-இல் ஜெர்மன் இலக்கியத்துக்கான கிளைஸ்ட் பரிசு கொடுத்தார்கள். அடுத்த ஏப்ரலில் நாஜிகளுக்குப் பயந்து சூரிச்சுக்கு ஓட வேண்டியதாயிற்று. அப்போது வயது 64. அங்கே வேலை செய்து சம்பாதிக்க அனுமதி இல்லை. 1938-இல் ஜெர்மன் குடியுரிமையும் பறிபோனது. மறு வருஷம் பாலஸ்தீனம் போனவர் திரும்ப வழியில்லாமல் ஜெருசலேமிலேயே தங்கிவிட்டார்.

சுற்றிலும் ஹீப்ரு. ஜெர்மன் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் நிறைய. ஆனாலும் அந்த அம்மா ஜெர்மனில்தான் எழுதினார். 1943-இல் 'என் நீலப் பியானோ' வெளிவந்தது. அச்சிட்டது 330 பிரதிதான். வீட்டில் ஒரு நீலப் பியானோ இருக்கிறது, எனக்கோ ஒரு ஸ்வரமும் தெரியாது என்று அந்தக் கவிதை தொடங்கும். உலகம் முரடாகிப் போனதில் இருந்து அது நிலவறைக் கதவோரம் இருட்டில் நிற்கிறது; இப்போது எலிகள் ஆடுகின்றன; கட்டைகள் உடைந்துவிட்டன. புத்தகத்தை யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? ஜெர்மனியின் ஊர்களில் இருக்கும் மறக்க முடியாத நண்பர்களுக்கும், தன்னைப் போலவே துரத்தப்பட்டுச் சிதறிப் போனவர்களுக்கும். போர் நடந்துகொண்டிருந்த வருஷம் அது! அந்த ஒரு பக்கத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

1945 ஜனவரியில் இறந்தார். ஒலிவ மலையில் அடக்கம் செய்தார்கள்.

நீ காலேஜில் கவிதை எழுதிய பச்சை நோட்டு என் பீரோவில்தான் இருக்கிறது. பாதிப் பக்கம் காலி. மாமா பையன் அடுத்த மாதம் அங்கே வருகிறானாம், கொடுத்தனுப்பட்டுமா?

அன்புடன்,
அம்மா